மூன்று பேரிங் கிராங்க்

அம்பாசிடர் காரில் இருந்த 1489 சி.சி. இன்ஜினை வாடகைக் கார் ஓட்டியவர்களும் கலெக்டர் ஆபீஸ் டிரைவர்களும் நன்றாக அறிவார்கள். ஏறத்தாழ 50 குதிரைத்திறன், அவசரப்படாத குணம், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடக்கூடிய எளிமை. அதே இன்ஜினுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. இங்கிலாந்தில் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின்தான். அங்கே அது 68 குதிரைத்திறனோடு தொடங்கியது. ஆகவே நம் ஊர்க் கல்யாணக் கார்களின் பானட்டுக்கு அடியில் ஒரு பந்தய இன்ஜினின் உறவுக்காரன் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. 1980களின் தொடக்கத்தில், கோவையில் நான் வேலை கற்ற கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் அந்த உறவை நேரில் பார்த்தேன்.

பட்டறை கணபதிப் பக்கம். சுற்றிலும் ஃபவுண்டரிகள், மோட்டார் பம்ப் கம்பெனிகள், லேத் பட்டறைகள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டை அரைத்துச் சீராக்குவது எங்கள் தொழில். எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி லாரி கிராங்க்குகளும், தோட்டத்துக் கிணற்றில் ஓடித் தேய்ந்த டீசல் இன்ஜின் கிராங்க்குகளும்தான். விவசாயி ஒருவர் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டு, “சாயங்காலம் ஆயிருங்களா?” என்று கேட்டபடி வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார். பயிர் காய்ந்துகொண்டிருக்கும். அவர் வேலையை முதலில் முடிப்பது எங்கள் மேஸ்திரியின் வழக்கம். கார்க்காரர்கள் காத்திருக்க வேண்டும். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவரிடம் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். கழுவுவது, அளப்பது, எமரி பிடிப்பது என் வேலை. மெஷினை அவர் மட்டும்தான் தொடுவார்.

அந்தப் பட்டறைக்கு ஒருநாள் மில் குடும்பத்து இளைஞர் ஒருவர் வந்தார். சோழவரத்தில் ஓட வேண்டும், அம்பாசிடரில் ஓட வேண்டும். மதராஸுக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் அப்போதெல்லாம் மோட்டார் பந்தயம் நடக்கும். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வருவதற்கு முந்தைய காலம். தென்னிந்தியாவில் கார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். வெளிநாட்டிலிருந்து பந்தய உதிரிபாகம் தருவிப்பது அநேகமாக முடியாத காரியம். இறக்குமதி லைசென்ஸ் கெடுபிடி அப்படி. ஊரில் கிடைக்கிற வண்டியின் ஊரில் கிடைக்கிற கிராங்க்கைத்தான் செதுக்கிச் சீர்செய்து ஓட்ட வேண்டும்.

அவர் கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைப் பக்கம் இருந்தது. அதில் ஒரு பந்தய கிராங்க்கின் படம். கவுண்டர் வெயிட்டுகளின் ஓரம் கத்தி மாதிரி சீவப்பட்டு, உடம்பு முழுக்கக் கண்ணாடியாகப் பளபளத்தது.

“இதே மாதிரி வேணுங்க மேஸ்திரி. எவ்வளவு வெயிட் குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைச்சிருங்க.”

மேஸ்திரி படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார். “இந்த இன்ஜினுக்கு எத்தனை மெயின் பேரிங்குங்க தம்பி?”

இளைஞருக்குத் தெரியவில்லை. படத்திலிருந்த கிராங்க்குக்கு ஐந்து. அம்பாசிடருக்கு மூன்று.

அந்தக் கேள்வியில்தான் முழு வேலையும் அடங்கியிருந்தது என்பது எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஐந்து மெயின் பேரிங் இருந்தால், கனெக்டிங் ராட் பூட்டும் ஒவ்வொரு பின்னுக்கும் இரு பக்கமும் தாங்கல் இருக்கும். மூன்றே இருந்தால் இரண்டு தாங்கல்களுக்கு நடுவே இரண்டு பின்கள் தொங்குகின்றன. அதிலும் இரண்டாம் பின்னும் மூன்றாம் பின்னும் ஒரே திசை பார்த்து நிற்பவை. நடு பேரிங்கின் இருபுறமும் அவை ஒட்டியிருக்கின்றன. கிராங்க் வேகமாகச் சுழலும்போது இரண்டும் சேர்ந்து நடு பேரிங்கை ஒரே பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைக் குறைப்பதற்காகத்தான் எதிர்ப்பக்கத்தில் கவுண்டர் வெயிட் இருக்கிறது. அதைச் சீவி எடை குறைத்தால் தராசில் நல்ல பெயர் கிடைக்கும், நடு பேரிங் பாழாகும். எம்.ஜி. கம்பெனிக்காரர்களே இந்தக் குடும்பத்து இன்ஜினை 1798 சி.சி.யாகப் பெருக்கி 1962-இல் எம்.ஜி.பி.யில் மூன்று பேரிங்கோடு விட்டுவிட்டு, 1964 இறுதியில் ஐந்து பேரிங்குக்கு மாறினார்கள்.

ஊர் வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சொச்சம் சுற்றிலேயே களைத்துவிடும். இளைஞருக்கு 6000 வேண்டும். சுற்று ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும். பிஸ்டன், பிஸ்டன் பின், கனெக்டிங் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக்கில், 6000 சுற்றில், மேலே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது கிராங்க் பின்னை ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கும். வினாடிக்கு நூறு முறை. இந்தக் கணக்கை நான் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். மேஸ்திரி கணக்குப் போட்டதில்லை. உடைந்து வந்த கிராங்க்குகளைப் பார்த்தே அவருக்கு அது தெரியும்.

“எடை குறைக்கணும்னா ஃப்ளைவீல்ல குறைக்கலாமுங்க,” என்றார். “கிராங்க்குல கைவெச்சா பலன் கம்மி, ஆபத்து ஜாஸ்தி.”

அவர் சொன்னதில் நேர்மையான இயந்திரவியல் இருக்கிறது. சுழலும் பொருள் வேகமெடுக்கத் தடையாக இருப்பது அதன் எடை மட்டுமல்ல, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும்தான். தூரம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி கிராங்க்கில் ஒரு கிலோவைச் சீவுவதும், 12 செ.மீ. தள்ளி ஃப்ளைவீல் ஓரத்தில் கால் கிலோவைக் கடைந்தெடுப்பதும் ஒரே பலன் தரும். முன்னது பல நாள் வேலை, உயிர்ப்பகுதியில் கத்தி வைப்பது. பின்னது லேத்தில் ஒரு பொழுது வேலை.

இளைஞர் ஒத்துக்கொண்டார், அரைமனதோடுதான். படம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

முதல் வேலை, நல்ல கிராங்க் தேடுவது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் விபத்தில் சிக்கிய வண்டிகளின் இன்ஜின்கள் பிரித்துப் போடப்பட்டிருக்கும். மேஸ்திரி அங்கே தேடியது ஒரு முறைகூட அரைக்கப்படாத கிராங்க். ஏற்கெனவே அரைத்தது என்றால் வேறு எவரோ அதில் கைவைத்திருக்கிறார்; எப்படி வைத்தார் என்று தெரியாது. ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டித் தூக்கச் சொல்லி, சின்னச் சுத்தியலால் தட்டினார். விரிசல் விழுந்தது ‘தட்’ என்று நின்றுவிடும். முழுசாக இருப்பது நீளமாக ஒலிக்கும். ஓரங்களில் ஓடும் கோட்டையும் பார்த்தார். வார்த்த கிராங்க்கில் அச்சு சேரும் இடத்தில் மெல்லிய கோடு இருக்கும். சம்மட்டியில் அடித்து உருவாக்கிய கிராங்க்கில் பிதுங்கிய இரும்பை வெட்டியெடுத்த அகலமான தழும்பு இருக்கும். எங்கள் கிராங்க்கில் அந்த அகலத் தழும்பு தெளிவாக இருந்தது.

பட்டறைக்குக் கொண்டுவந்து, மெயின் பேரிங்கில் உட்காரும் இரு முனை ஜர்னல்களையும் வி-பிளாக்கில் வைத்து, நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றினோம். முள் அசைவது எவ்வளவு என்பதுதான் கிராங்க் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. பிரஸ்ஸில் அமுக்கி நிமிர்த்துவது லாரி கிராங்க்குகளுக்கு நாங்கள் அன்றாடம் செய்ததுதான். பந்தயத்துக்கு அதை மேஸ்திரி விரும்பவில்லை. அமுக்கி நிமிர்த்திய இரும்பு உள்ளுக்குள் ஒரு முறுக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும், சூடும் அடியும் பட்டதும் பழைய வளைவுக்கே போகப் பார்க்கும் என்பார். அதனால் முள் அநேகமாக அசையாத கிராங்க் கிடைக்கும்வரை உக்கடத்துக்கும் கணபதிக்கும் நடந்தோம்.

விரிசல் பார்ப்பதற்கு மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும். கிராங்க்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியில் எடுத்துச் சுத்தமாகத் துடைத்து, நீர்க்கச் சுண்ணாம்பு பூசிக் காயவைக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளையில் கோடு போட்டுக்காட்டும். காந்தப்பொடி போட்டுப் பார்க்கும் முறை இதைவிட நுணுக்கமானது, பெரிய தொழிற்சாலைகளில் உண்டு. எங்களிடம் இருந்தது சுண்ணாம்பு. அதையும் பொறுமையாகச் செய்தால் நிறையவே காட்டும்.

அடுத்தது கைவேலை. அகலத் தழும்பு முழுவதையும் ஹேண்ட் கிரைண்டரால் இழைத்து, அரத்தால் தேய்த்து, எமரியால் மழமழப்பாக்குவது. இது என் பங்குக்கு வந்தது. இரும்பை எடுப்பதைவிட எந்தத் திசையில் கோடு விழுகிறது என்பதில் மேஸ்திரி கண்டிப்பாக இருந்தார். பின்னையும் ஜர்னலையும் இணைக்கும் கன்னத்தின் நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் அது மறையும்வரை மறுபடி நீளவாக்கில் தேய்க்க வேண்டும். கன்னம் வளையும்போது நீளவாக்குக் கீறல் திறப்பதில்லை. குறுக்குக் கீறல் வாய் திறக்கும். அந்தத் தழும்பும் அதன் முரட்டு ஓரங்களும் விரிசலுக்கு வாசல்கள். அவற்றை மூடுவதற்காகத்தான் மழமழப்பு. பத்திரிகைப் படத்தில் தெரிந்த பளபளப்புக்கு அர்த்தம் இதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அழகுக்காகச் செய்ததென்று அதுவரை நினைத்திருந்தேன்.

கத்தி ஓரத்தைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்றிலும் எண்ணெய்த் துளிகளிலும் சுழலும் கிராங்க், ஓரம் சீவியிருந்தால் தடையின்றிப் பிளந்துகொண்டு போகும் என்பது அதன் நியாயம். மிக உயர்ந்த சுற்றில், எண்ணெயைத் தனித் தொட்டிக்கு உறிஞ்சியெடுக்கும் பந்தய இன்ஜின்களில் அதற்கு இடம் உண்டு. எண்ணெய் சம்ப்பிலேயே கிடக்கும் 6000 சுற்று இன்ஜினில் எண்ணெய் அளவைச் சரியாக வைத்து, சம்ப்புக்குள் ஒரு தகட்டைத் தடுப்பாகப் பொருத்தினாலே பெரும்பகுதி பலன் வந்துவிடும். எங்கள் மேஸ்திரி கவுண்டர் வெயிட்டின் முன்னோரத்தை மட்டும் உருட்டினார். எடை போகாமல், கூர்முனை போயிற்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ கிராங்க் பார்த்துவிட்டேன். அந்த அளவு போதும் என்றே இன்றைக்கும் சொல்வேன்.

இனி ரேடியஸ். இதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

ஜர்னல் கன்னத்தைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கும். பட்டறைகளில் அதை ரேடியஸ் என்போம். பேரிங் அதைத் தொடாது, எண்ணெய் அதில் வேலை செய்யாது, கஸ்டமர் அதைப் பார்த்ததே கிடையாது. கிராங்க் உடைவது அங்கேதான். உடைந்து வந்த கிராங்க்குகளின் முறிவு முகத்தை மேஸ்திரி எனக்குக் காட்டுவார்: ஒரு மூலையில் தொடங்கி, கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்ற வரிகள்போல் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, பாதிக்குமேல் போனபின் மீதி ஒரே அடியில் சொரசொரப்பாக அறுந்திருக்கும். வரிகள் தொடங்கும் புள்ளியைத் தேடிப் போனால் அது ரேடியஸில் இருக்கும், இல்லாவிட்டால் ஆயில் துளையின் வாயில் இருக்கும்.

இது உலகத்துக்குத் தெரியவந்த கதை பெரியது. 1842 மே 8 அன்று வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஏறி விழுந்து தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு எப்படித் திடீரென்று முறிகிறது என்ற கேள்வியை அந்த விபத்து எல்லோர் முன்னாலும் வைத்தது. இரும்பின் உள்ளமைப்பே நாளடைவில் மாறிப்போகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ராங்கின், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், முறிந்த ரயில் அச்சுகளைப் பார்த்து 1843-இல் ஒரு கட்டுரை எழுதினார். விரிசல் அச்சின் கனம் மாறும் கூர்மூலையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, அந்த மூலையை வளைவாக்குங்கள் என்றார். ஜெர்மனியில் அகஸ்ட் வோலர் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து, இரும்பின் களைப்பை எண்களாக்கினார். இவையெல்லாம் நான் பிற்காலத்தில் படித்தவை. படித்தபோது கணபதிப் பட்டறையின் மெஷின் சத்தம் காதில் கேட்டது. ராங்கின் சொன்னதைத்தான் மேஸ்திரி கையால் செய்துகொண்டிருந்தார்.

சாதாரண வேலையில் சாணைக்கல்லின் ஓரம் தேயத் தேய ரேடியஸ் சிறுத்துக்கொண்டே போகும். அவசரக்காரன் கல்லை மறுபடி சீராக்காமல் அடுத்த பின்னுக்குப் போவான். ஆறாவது கிராங்க்கில் மூலை கூராகிவிடும். அளவு சரியாகத்தான் இருக்கும், மைக்ரோமீட்டர் எதையும் காட்டாது. மேஸ்திரி இந்த கிராங்க்குக்கு ஒவ்வொரு பின்னுக்கு முன்னாலும் வைரமுனையால் கல்லின் ஓரத்தை வளைவாகச் சீராக்கினார். ரேடியஸ் கேஜை மூலையில் வைத்து, பின்னால் டார்ச் பிடிக்கச் சொல்வார். கேஜுக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சக் கோடு எங்கேயும் தெரியக்கூடாது. பழைய ரேடியஸைவிடச் சற்றுப் பெரிதாக வைத்தார். அப்படி வைத்தால் பேரிங் ஷெல்லின் ஓரம் வளைவில் ஏறி உரசும். ஆகவே ஒவ்வொரு ஷெல்லின் ஓரத்தையும் நான் கையால் சரித்தெடுத்தேன். அதற்கும் அவர் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.

முதல் அரைப்புக்கு அளவு பத்துத் தவு. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பாகம் ஒரு தவு. கோவைப் பட்டறைகளில் கிராங்க் அளவெல்லாம் பத்துத் தவு, இருபது தவு, முப்பது தவு என்றுதான் பேசப்படும். ஷெல்களும் அந்த அளவுகளில்தான் வரும். மெயின் ஜர்னல் 2 அங்குலம், பின் அதைவிடக் கொஞ்சம் சிறிது. முதலில் பின்கள், கடைசியில் மெயின்கள். பின்களை அரைக்கும்போது கிராங்க் உள்ளிறுக்கம் தளர்ந்து இம்மியளவு நகரும். மெயினைக் கடைசியில் வைத்தால் அந்த நகர்வும் சரியாகிவிடும். கூலண்ட் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு தடவைக்கு இரும்பு எடுப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. கொஞ்சம் அழுத்தினாலும் மேற்பரப்பு வெந்து நிறம் மாறும். வெந்த இடம் கடினமாகி மெல்லிய விரிசல் விடும். ஒவ்வொரு பின்னும் முடிந்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய் நிறம் பார்ப்பார்.

ஆயில் துளைகளின் வாயைக் கூர் போக்கி, சுழலும் திசையில் கண்ணீர்த்துளி வடிவமாக நீட்டி இழைத்தோம். கூரான வாய் பேரிங்கைச் சுரண்டும், விரிசலையும் தொடங்கும். பிறகு எண்ணெய் தோய்த்த எமரிப் பட்டையால் ஜர்னல்களை மெருகேற்றுவது. அதை கிராங்க் இன்ஜினில் சுழலும் திசையிலேயே செய்ய வேண்டும். அரைக்கும்போது எழுந்த நுண்ணிய முட்கள் அப்போதுதான் பேரிங்குக்கு எதிராக நிற்காமல் படியும். முடிவில் துளைகளுக்குள் கம்பியில் துணி சுற்றி விட்டு, மண்ணெண்ணெய் பீய்ச்சி, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை கழுவினேன். சாணைப்பொடி ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் புது ஷெல் முதல் மணிநேரத்திலேயே போய்விடும்.

கிராங்க் பிறகு மதராஸ் போயிற்று, டஃப்ட்ரைடிங் செய்ய. ஏறத்தாழ 570 டிகிரிச் சூட்டில் உருகிய உப்புக் குளியலில் ஒன்றரை, இரண்டு மணிநேரம் வைத்தால் இரும்பின் தோலில் நைட்ரஜன் ஏறும். தோல் கடினமாகும், தேய்மானம் குறையும், களைப்பைத் தாங்கும் வலு கூடும். அந்தப் படலம் மிக மெல்லியது, மைக்ரான் கணக்கு. அதனால் அரைப்பு வேலை முழுதும் முடிந்தபிறகுதான் அனுப்ப வேண்டும். திரும்பி வந்தபின் மெருகு மட்டும்தான் போடலாம். கிராங்க்கைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுத்தான் குளியலில் இறக்க வேண்டும், படுக்கவைத்தால் சூட்டில் தன் எடையிலேயே தொய்ந்துவிடும் என்று மேஸ்திரி என்னை உடன் அனுப்பிவைத்தார். அங்கே இருந்தவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனாலும் நான் பக்கத்திலேயே நின்றேன். சாம்பல் நிறமாகித் திரும்பிய கிராங்க்கை வந்த அன்றே வி-பிளாக்கில் ஏற்றினோம். டயல் கேஜ் முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

பேலன்ஸிங்குக்கு எங்களிடம் மெஷின் இல்லை. ஆனால் கோவையில் அதற்குக் கவலையில்லை. மோட்டார் பம்ப் கம்பெனி ஒவ்வொன்றிலும் ரோட்டரைச் சுழற்றிப் பேலன்ஸ் பார்க்கும் மெஷின் இருந்தது. மேஸ்திரிக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட்டில் இடம் கொடுத்தார்கள். ரோட்டர்கள் வரிசையாகக் கிடக்க, நடுவில் எங்கள் கிராங்க். நான்கு சிலிண்டர் கிராங்க்கில் இரண்டு பின் மேலே என்றால் இரண்டு கீழே. ஒன்றையொன்று சமன்செய்வதால் பின்களில் போலி எடை எதுவும் கட்டாமல் அப்படியே சுழற்றலாம். பெரும்பாலான வி-எட்டு இன்ஜின்களுக்கு இந்த வசதி கிடையாது. கிராங்க்கை மட்டும் முதலில் சமன் செய்து, பிறகு ஃப்ளைவீலைச் சேர்த்து, பிறகு கிளட்ச் கவரைச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் கவுண்டர் வெயிட்டிலோ ஃப்ளைவீலிலோ துளையிட்டு எடை எடுத்தோம். எந்த நிலையில் சேர்த்தோமோ அந்த நிலையிலேயே மறுபடி பூட்ட, பஞ்ச் அடித்துக் குறி வைத்தோம்.

மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடுதலாக இருந்தால் 3000 சுற்றில் அது 5 கிலோ விசையில் இழுக்கும். 6000 சுற்றில் 20 கிலோ. இளைஞர் அந்த இரவு எங்களோடு இருந்தார். மெஷினின் முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பத்திரிகைப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசவேயில்லை. கனெக்டிங் ராடுகளை ராஜவீதி நகைக்கடை ஒன்றின் தராசில் அவரே கொண்டுபோய் நிறுத்துக்கொண்டு வந்தார். பெரிய முனை தனியாக, சின்ன முனை தனியாக, நான்கும் ஒரே எடைக்கு வரும்வரை.

பூட்டும் வேலையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தவு இடைவெளி என்பது ஊர் வழக்கு. பந்தயத்தில் எண்ணெய் கூடுதலாகப் பாய வேண்டும் என்பதால் மெயினில் இரண்டரை வைத்தோம். நடு பேரிங்கில் த்ரஸ்ட் வாஷர், நீளவாக்கில் இரண்டு மூன்று தவு ஆட்டம். மூன்று பேரிங் பி-சீரிஸின் பின்முனையில் ஆயில் சீல் கிடையாது. மறை போன்ற ஒரு சுருள்வெட்டு எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். அம்பாசிடர் நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டியதற்கு ஒரு காரணம் அதுதான். அந்தச் சுருளில் கல் படாமல் மேஸ்திரி பார்த்துக்கொண்டார். மெயின் கேப் மூன்றையும் இறுக்கியபிறகு ஒற்றை விரலால் ஃப்ளைவீல் முனையைத் தள்ளச் சொன்னார். கிராங்க் சுற்றியது, தானாக நின்றது.

சோழவரத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் போனேன். பிப்ரவரி வெயில், ஓடுதளத்து ஓரம் முழுக்கத் தலைகள். கீழே காங்கிரீட் சூடு, மேலே புழுதி. எங்கள் கார் முதலாவதாக வரவில்லை. இலேசான ஃபியட்டுகள் வளைவுகளில் முந்திப் போயின. நேர்ப்பாதையில் மட்டும் அது எவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. கியர் மாற்றும்போது இன்ஜின் சட்டென்று இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. ஃப்ளைவீலில் எடுத்த எடை அது. இளைஞர் ஓட்டத்தின் கடைசிவரை 6000-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தாராம். எண்ணெய் அழுத்த முள் ஒருமுறைகூட விழவில்லை என்று ஹெல்மெட்டைக் கழற்றியதும் அதைத்தான் முதலில் சொன்னார்.

கோவைக்கு வந்து இன்ஜினைப் பிரித்தோம். நடு மெயின் ஷெல்லைத்தான் மேஸ்திரி முதலில் கையில் எடுத்தார். ஓரம் உரசிய தடம் இல்லை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த தடமும் இல்லை. அகலம் முழுக்க ஒரே சாம்பல். கிராங்க்கை மறுபடி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுண்ணாம்பு பூசினோம். எட்டு பின் மூலைகளும் ஆறு மெயின் மூலைகளும் வெள்ளையாகவே இருந்தன.

அதே கிராங்க் அதற்கடுத்த பந்தயங்களிலும் ஓடியது. தேய்ந்தபோது இருபது தவுக்கு அரைத்தோம், மறுபடி மதராஸ் அனுப்பிப் புதுத் தோல் ஏற்றினோம். மூன்றாவது முறை இளைஞர் கொண்டுவந்து முப்பது தவு கேட்டார். ஷெல்லும் கையோடு வாங்கிவந்திருந்தார். டாக்சியாக இருந்தால் நாற்பது தவு வரைக்கும் நாங்களே அரைத்துக் கொடுப்போம். இந்த இன்ஜினில் பின்னும் மெயினும் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிநிற்கும் கனம் புதிதாக இருக்கும்போதே 5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவுதான். ஒவ்வொரு அரைப்பிலும் அதில்தான் கை வைக்கிறோம். மேஸ்திரி ஷெல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது இனி ஊர் வண்டிக்கு ஆகுமுங்க தம்பி. சோழவரத்துக்கு வேற கிராங்க் பாக்கலாம். காலைல உக்கடம் வாங்க, நானும் வர்றேன்.”